பாப்பாவுக்கு கிளாட் ஆன்லைன் கோர்ஸ் வாங்கியாச்சு, எங்கிருந்து ஆரம்பிப்பது?

காங்கேயம் களத்துக்காரர்:

வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். என் படிப்பு பத்தாவதோடு சரி. எங்கள் பாப்பா அரசுப் பள்ளியில் பதினொன்றாவது முடித்து இந்த ஜூனில் பன்னிரண்டாவது போகிறது. காமர்ஸ் குரூப். பத்தாவது வரை தமிழ் மீடியம், போன வருடம்தான் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியது.

வக்கீலுக்குத்தான் படிப்பேன் என்று ஏழாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. இட்டேரித் தகராறு (தோட்டத்துக்குப் போகும் பாதைத் தகராறு) ஒன்றில் மாட்டிக்கொண்டு ஆறு வருடம் நான் கோர்ட்டுக்கு நடந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. வாய்தா வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற அன்றெல்லாம் "ஏப்பா, இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்கும். எனக்குச் சொல்லத் தெரியாது.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர கிளாட் என்று ஒரு நுழைவுத் தேர்வு இருப்பதே மார்ச் மாதம்தான் எங்களுக்குத் தெரியவந்தது. பாப்பா ஏதோ ஓர் இலவச வகுப்புக்குப் பெயர் கொடுத்தது. மறுநாளிலிருந்து ஒரு பயிற்சிக் கம்பெனி போன் மேல் போன். "இன்னைக்குள்ள கட்டினா பாதி விலை சார்" என்றார்கள். அந்த 'இன்னைக்கு' பதினோரு நாள் ஓடியது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் தரகர்கூட ஒரே பொழுதில் முடித்துவிடுவார். கடைசியில் 22,000 ரூபாயை மொத்தமாகக் கட்டிவிட்டேன். தவணை தருகிறோம் என்றார்கள், அது மட்டும் வேண்டாம் என்றுவிட்டேன். தவணை என்றாலே எனக்கு ஆகாது.

இப்போது நிலைமை இப்படி. பார்சலில் பதினேழு புத்தகம் வந்திருக்கிறது. ஆப்பைத் திறந்தால் 410 மணி நேர வீடியோ. முதல் நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தது, நான்கு நாள் அப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் "பார்க்கும்போது எல்லாம் புரியற மாதிரி இருக்குப்பா, கேள்வியைப் பார்த்தா ஒண்ணும் வரலை" என்றது. மாதிரித் தேர்வு ஒன்றைப் போனிலேயே எழுதிப் பார்த்து, பாதியில் எழுந்து போய் அழுதுவிட்டது. அதிலிருந்து ஆப்பைத் தொடவே இல்லை. எனக்கு அந்த வெசனம்தான்.

இதற்கிடையில் அதே கம்பெனிக்காரர்கள் இன்னும் 38,000 கட்டினால் தனியாக ஒரு வழிகாட்டி போடுகிறோம், அவர் தினமும் பேசுவார் என்கிறார்கள். கட்டலாமா? வீட்டில் டவர் சரியாகக் கிடைப்பதில்லை, மொட்டை மாடியில்தான் வீடியோ ஓடும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு இந்தத் தேர்வு ஆகுமா ஆகாதா என்றும் யாராவது தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள். ஆகாதென்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஊத்துக்குளிக்காரன்:

முதலில் அந்த போன் நம்பரை பிளாக் செய்யுங்கள். 38,000 ரூபாயைத் தேங்காயில் போடுங்கள். மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

கோபிக்காரி:

அங்கிள், நான் திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். கோபி பக்கம் ஊர். நானும் பத்தாவது வரை தமிழ் மீடியம்தான். அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஆகும். ஆனால் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில்தான் இருக்கும், தமிழில் எழுத வழியில்லை. அந்த இடைவெளியை வீடியோ மூடாது. எது மூடும் என்று என் கதையை வைத்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு இப்போது எப்படி இருக்கிறதென்றால், 120 கேள்வி, இரண்டு மணி நேரம். சரியான விடைக்கு ஒரு மார்க், தப்புக்குக் கால் மார்க் போகும். ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கொஞ்சம் கணக்கு. கணக்குப் பகுதி சின்னது, 10 முதல் 14 கேள்விக்குள், பத்தாம் வகுப்பு அளவுதான். சட்டமும் நடப்புச் செய்தியும் சேர்ந்தால் பாதிக் கேள்வித்தாள். எல்லாமே பத்தி படித்து விடை சொல்வதுதான், ஒரு பத்தி 450 சொல் வரை இருக்கும். கணக்கை விட்டுவிட்டாலே இருபது, இருபத்திரண்டு பத்தி வரும். அதாவது ஏறக்குறைய பத்தாயிரம் ஆங்கிலச் சொல். நிமிடத்துக்கு 150 சொல் படிக்கிற பிள்ளைக்குப் படிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மிச்ச நேரத்தில் 120 கேள்விக்கு யோசித்துக் கட்டம் நிரப்ப வேண்டும். உங்கள் பாப்பா அழுதது ஒன்றும் தெரியாமல் இல்லை அங்கிள், நேரம் போதாமல்தான் இருக்கும். நானும் அழுதேன், எங்கள் வீட்டுக் கொல்லையில்.

நான் எழுதியது 2022 டிசம்பரில். அப்போது 150 கேள்வி. அதற்கும் முன்னால், 2019 வரை, 200 கேள்வி. சட்டப் பிரிவுகளையும் பொது அறிவையும் நேரடியாகவே கேட்பார்கள். 2020இல்தான் பத்தி முறை வந்தது. 120 ஆனது 2023 டிசம்பர் தேர்விலிருந்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பதினேழு புத்தகத்தில் பழைய முறைக்கு அச்சடித்ததும் கலந்திருக்கும். எனக்கு வந்த பார்சலில் நாலு அப்படி இருந்தது. 'பின்வரும் சட்டம் எந்த ஆண்டு இயற்றப்பட்டது' என்கிற மாதிரி ஒற்றை வரிக் கேள்வியாகவே இருந்தால் அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடுங்கள்.

இப்போது அந்த 410 மணி நேரத்துக்கு வருவோம். ஜூன் தொடக்கத்திலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை 26 வாரம். பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைக்கு ஸ்பெஷல் கிளாஸ், வீட்டுப்பாடம் எல்லாம் போக நாளைக்கு இரண்டரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. மொத்தம் 455 மணி நேரம். வீடியோவை முழுக்கப் பார்த்து முடித்தால் மிச்சம் 45 மணி நேரம். அதிலா படிப்பது, எழுதிப் பார்ப்பது? கோர்ஸ் வாங்கிய எல்லாரும் விழும் குழி இதுதான். காசு கொடுத்துவிட்டோமே என்று முதல் வீடியோவிலிருந்து வரிசையாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

அதனால் முதல் இரண்டு வாரம் ஆப்பைத் திறக்கவே வேண்டாம். கிளாட் நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பே தன் தளத்தில் பழைய கேள்வித்தாள்களை இலவசமாகப் போட்டிருக்கிறது. 120 கேள்வி உள்ளதாக ஒன்றை எடுத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போடுங்கள். தேர்வு பேனாவும் காகிதமும்தான், போனில் எழுதிப் பழகினால் பிரயோஜனமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கு உட்காரட்டும், 4 மணிக்குத் தாளைப் பிடுங்கிவிடுங்கள். அசல் தேர்வும் ஞாயிறு 2 மணி முதல் 4 மணி வரைதான். அந்த நேரத்தில் நம்ம ஊரில் எல்லார் வீட்டிலும் கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள், உடம்பும் அதற்குத்தான் பழகியிருக்கும். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், நானாகக் கண்டுபிடித்தது.

மார்க் எவ்வளவு வந்தாலும் திட்டாதீர்கள். என் முதல் தாளில் 92 எழுதி 48 சரி, 44 தப்பு. கால் மார்க் கழித்தால் 37, அதுவும் 150க்கு. ஆனால் மறுநாள் ஒரு வேலை செய்தேன், அதுதான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அந்த 44 தப்பையும் மூன்றாகப் பிரித்தேன். ஆங்கிலம் பிடிபடாமல் தப்பானது 26. அவசரத்தில் கோட்டைவிட்டது 7. உண்மையிலேயே விஷயம் தெரியாமல் போனது 11. யோசித்துப் பாருங்கள், வீடியோ பார்த்தால் சரியாகக்கூடியது அந்த 11 மட்டும்தான். 26க்கு மருந்து படிப்பதுதான்.

படிப்பது எப்படி என்றால், தினமும் ஓர் ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கம் ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி புரட்டக் கூடாது, அப்படிச் செய்தால் ஒரு வாரத்தில் வெறுத்துவிடும். முழுக்க ஒரு தடவை ஓட்டிவிட்டு, அதில் என்ன சொல்லியிருக்கிறார்கள், எழுதியவர் யார் பக்கம் நிற்கிறார் என்று மூன்று வாக்கியம் யாரிடமாவது தமிழில் சொல்ல வேண்டும். நான் எங்கள் அமுச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், சொன்னேன். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். "அப்புறம் ஏன் அவன் அப்படிச் செஞ்சான்?" என்று கேட்பார் பாருங்கள், அங்கே மாட்டிக்கொள்வேன், திரும்பப் போய்ப் படிப்பேன். 38,000 கொடுத்து வைக்கிற வழிகாட்டி வேலை அதுதான் அங்கிள். அதை நீங்களே செய்யலாம். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இதில் நல்லதுதான், தெரிந்தால் பாதியிலேயே தலையாட்டிவிடுவீர்கள்.

சட்டத் தர்க்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பாப்பா இட்டேரி வழக்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்றீர்கள், அது பலமும்தான், பலவீனமும்தான். நியாயம் எந்தப் பக்கம் என்று மனது முந்திக்கொண்டு ஓடும். 1913இல் அலகாபாத்தில் ஒரு வழக்கு. வீட்டை விட்டு ஓடிப்போன பையனைத் தேடிவர முதலாளி தன் கணக்குப்பிள்ளையை அனுப்பினார். அவர் போன பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று நோட்டீஸ் அடித்தார். கணக்குப்பிள்ளை அது தெரியாமலே பையனைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு பரிசு கேட்டு வழக்குப் போட்டார். கிடைக்கவில்லை. அறிவிப்பு இருப்பதே தெரியாமல் செய்த காரியத்தை, அந்த அறிவிப்பை ஏற்றதாகக் கொள்ள முடியாது என்றுவிட்டார்கள். பாவம், கொடுத்திருக்கலாம் என்று நான் விடை போட்டேன், தப்பு. பத்தியில் எந்த விதியைக் கொடுத்திருக்கிறார்களோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நமக்குப் பிடிக்காத விதியாக இருந்தாலும் அப்படித்தான்.

மூன்றாம் வாரத்தில் ஆப்பைத் திறந்து, 'தெரியவில்லை' குவியலில் இருக்கிற தலைப்புக்கு மட்டும் வீடியோ பார்க்கட்டும், ஒன்றரை மடங்கு வேகத்தில். மாடியில் டவர் கிடைக்கும்போது டவுன்லோடு செய்துகொண்டு கீழே வந்துவிடலாம். கோர்ஸில் உருப்படியான சரக்கு மாதிரித் தேர்வுகள்தான். வாரம் ஒன்று, அதையும் பிரிண்ட் எடுத்து.

விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் திறக்கும். பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கு 3,500 என்று இருந்தது. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டில் இல்லை, ஐலெட் என்று தனித் தேர்வு வைக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பல்லடம் அம்மா:

அண்ணா, தவணை வேண்டாம் என்று சொன்னீர்களே, அந்த ஒரு காரியத்துக்கே உங்களைக் கும்பிட வேண்டும். நான் மாட்டிக்கொண்டேன்.

என் பையனுக்கு இதே மாதிரி சட்டக் கோர்ஸ். 'வட்டி இல்லாத் தவணை, மாதம் 4,500, பன்னிரண்டு மாதம்' என்றார்கள். போனில் ஓடிபி கேட்டார்கள், சொன்னேன். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்த போன், என்ன ஏதென்று முழுசாகப் படிக்க நேரமில்லை. இரண்டு மாதத்தில் பையன் எனக்கு இது வேண்டாம், பி.காம் போகிறேன் என்றுவிட்டான். சரி, நிறுத்திக்கொள்ளலாம் என்று போன் செய்தால்தான் தெரிந்தது, நான் கோர்ஸ் கம்பெனிக்குத் தவணை கட்டவில்லை. என் பேரில் வேறொரு நிதி நிறுவனத்தில் கடன் எழுதி, 54,000 மொத்தத்தையும் அன்றைக்கே கோர்ஸ்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கோர்ஸை நிறுத்தினாலும் கடன் நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் (கடன் மதிப்பெண்) கெட்டுப்போகும் என்று நிதி நிறுவனம் மிரட்ட, கோர்ஸ்காரர்களோ பணம் திருப்பித் தரும் கெடு ஏழு நாள்தான் என்றார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்தேன். புகார் எண் கொடுத்தார்கள். அதை வைத்து நாலு மெயில். எழுதிக் கொடுத்தது பையன்தான். அதைப் பார்த்து, நீ வக்கீலுக்கே போயிருக்கலாமேடா என்றேன். நாலு மாதம் கழித்து 31,000 திரும்பி வந்தது. மிச்சம் போனது போனதுதான்.

யாராவது இதைப் படித்தால், ஓடிபி சொல்வதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இது உங்களுக்குக் கட்டும் தவணையா, வேறு யாரிடமாவது என் பேரில் வாங்கும் கடனா?" பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அப்போதே அவர்கள் குரல் மாறும்.

ஈரோட்டு வக்கீல்:

இருபத்தாறு வருடமாக ஈரோட்டில் தொழில் செய்கிறேன். கோவை அரசு சட்டக் கல்லூரியில் படித்தவன், கிளாட் எல்லாம் எங்கள் காலத்தில் கிடையாது.

முதலில் பல்லடம் சகோதரிக்கு. மிச்சப் பணம் போனது போனதுதான் என்று விட்டுவிட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருப்பூரிலேயே, ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். எதிராளியின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் என்று வாதிடவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அதற்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. பதினெட்டு நிறையாத பிள்ளை போட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903இல், அப்போது மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. மோகரி பீபி வழக்கு என்பார்கள், சட்டக் கல்லூரியில் முதல் வருடமே வரும். அதனால்தான் இந்தக் கம்பெனிகள் பிள்ளையிடம் ஆசை காட்டிவிட்டு, ஓடிபியை அம்மாவிடம் கேட்கின்றன.

களத்துக்காரருக்கு. கோபிப் பெண் சொன்னதற்கு மேல் தேர்வைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே கதவை நம்பி நிற்காதீர்கள். கிளாட் கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தால், பாதி பயம் அங்கிருந்துதான் வரும். தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் கலந்தாய்வு நடத்துகிறது. நமக்கு மருதமலை ரோட்டில் கோவைக் கல்லூரி இருக்கிறது, 2019இல் சேலத்திலும் நாமக்கல்லிலும் புதிதாகத் திறந்தார்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2021லிருந்து சட்டப் படிப்புக்கும் உண்டு. பள்ளியில் நான் முதல்வன் பொறுப்பாசிரியரைப் பார்த்து நுழைவுத் தேர்வுக்கு என்ன உதவி இருக்கிறது என்றும் கேளுங்கள். வசதியில்லாத பிள்ளைகளைத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுபோகவென்றே பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய இடியா என்ற அமைப்பும் இருக்கிறது. தேசியக் கல்லூரியில் கட்டணம் விடுதியோடு சேர்த்து வருடத்துக்கு லட்சக்கணக்கில் வரும். அரசுக் கல்லூரியில் அதில் சிறு பங்குகூட ஆகாது. இதையும் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், நம்ம பக்கம் அப்பன்மார் காசு விஷயத்தைப் பிள்ளையிடம் சொல்வதே இல்லை.

படிக்க எதை எடுத்துக் கொடுப்பது என்று தெரியாவிட்டால், உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. சாயத் தண்ணீர் நொய்யலில் வந்து அங்கே தேங்கியதும், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும் உங்களுக்கே தெரியும். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இல் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று ஏற்றது. சுற்றுச்சூழல் பற்றிய சட்டப் பத்தி வந்தால் இந்தக் கொள்கையைத் தாண்டிப் போவது கஷ்டம். அந்த அணைக்கட்டின் மேல் ஒரு நாள் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு வாருங்கள். பிறகு படித்தால் மறக்காது.

காங்கேயம் களத்துக்காரர்:

எல்லாருக்கும் நன்றிங்க. அம்மிணி, வக்கீலய்யா, பல்லடம் தங்கச்சி, நீங்கள் எழுதியதை எல்லாம் பாப்பாவே எனக்குப் படித்துக் காட்டியது.

ஒரு சந்தேகம். தலையங்கம் படித்து என்னிடம் சொல்ல வேண்டும் என்றீர்கள். முதல் நாள் ஏதோ வெளிநாட்டு வங்கி வட்டி விஷயம் எடுத்தது. அதற்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேறு எதில் ஆரம்பிப்பது?

கோபிக்காரி:

அங்கிள், தப்பு என்னுடையது, சொல்லியிருக்க வேண்டும். முதல் மாதம் உங்கள் இருவருக்கும் பாதி தெரிந்த விஷயமாக எடுங்கள். கொப்பரைக்கு ஆதரவு விலை அறிவிக்கிறார்களே, அதைப் பற்றிய ஆங்கிலச் செய்தியைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். 2025 பருவத்துக்கு அரைவைக் கொப்பரை குவிண்டால் 11,582 ரூபாய். விலை உங்களுக்குத் தெரியும். அதைப் பரிந்துரைப்பது யார், முடிவெடுப்பது மத்திய அமைச்சரவையின் எந்தக் குழு, அந்த விலைக்குச் சட்டப்படி உத்தரவாதம் உண்டா, இல்லையா? தேர்வில் கேட்பது இந்த மூன்றையும்தான். விஷயம் தெரிந்திருந்தால் தெரியாத சொல்லைத் தானாகவே ஊகித்துக்கொள்ளும். வெளிநாட்டு வங்கி எல்லாம் ஆகஸ்டில் பார்த்துக்கொள்ளலாம்.

காங்கேயம் களத்துக்காரர் (ஐந்து வாரம் கழித்து):

எழுத நேரம் வாய்க்கவில்லை, மன்னிக்கவும். காற்றுக் காலம் தொடங்கிவிட்டது, சாரல் எந்நேரம் வரும் என்று தெரியாமல் களத்தை விட்டு நகர முடிவதில்லை.

நம்பரை பிளாக் செய்துவிட்டேன். வேறு நம்பரில் வந்தார்கள், அதையும் செய்தேன். பழைய புத்தகம் பதினேழில் ஐந்து பரணுக்குப் போயிற்று.

முதல் ஞாயிறு எழுதிய தாளில் 120க்கு 29. முகம் வாடித்தான் போயிற்று. ஆனால் அம்மிணி சொன்ன மாதிரி மறுநாள் தப்பை எல்லாம் மூன்றாகப் பிரித்து, தேங்காய் மூட்டைக்கு எழுதும் சிட்டையிலேயே எழுதி வைத்தது. தெரியாமல் போனது ஒன்பதே ஒன்பது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெளிந்தது. நேற்று எழுதியது நாலாவது தாள், 46.

கணக்கில் ஒரு சங்கதி. சதவீதக் கணக்கு ஒன்று வராமல் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பழத்தில் இத்தனை சதவீதம் தண்ணீர், காய்ந்தபின் இத்தனை, எடை எவ்வளவு என்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாமி, நம்ம களத்தில் தினம் நடப்பதே இதுதானே" என்றேன். நூறு கிலோ பச்சைப் பருப்பில் பாதி தண்ணீர். தண்ணீர் காயும், மிச்சம் ஐம்பது எங்கேயும் போகாது. காய்ந்த கொப்பரையில் ஈரம் ஆறு சதவீதம் என்றால் அந்த ஐம்பதுதான் 94 பங்கு. அப்போது எடை 53 கிலோவும் கொஞ்சமும். காகிதமே இல்லாமல் சொன்னேன். பாப்பா என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தது.

சாயங்காலம் கொப்பரை அள்ளும்போது மூன்று வாக்கியம் சொல்கிறது. நான் கேள்வி கேட்கிறேன். போன வாரம் ஒரு நில வழக்கைப் பற்றிச் சொன்னது, எனக்கு எங்கள் இட்டேரி ஞாபகம் வந்து, அதெப்படி அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரும் என்று சத்தம் போட்டுவிட்டேன். "அப்பா, உங்க கோபத்தை விடுங்க, பத்தியில என்ன இருக்குன்னு மட்டும் பாருங்க" என்றது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

ஒரத்துப்பாளையத்துக்கு இன்னும் போகவில்லை வக்கீலய்யா, சாரல் ஓய்ந்ததும் போகிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றை ராத்திரிக்கு மாற்றிவிட்டோம். மதியம் ரசஞ்சோறுதான். எங்கள் அம்மாவுக்கு மட்டும் கோபம், டிசம்பர் வரைக்குமா இப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.